மீன் மேய்க்கும் கூழைக்கடா

தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டி போகும் பஸ். முன் சீட்டில் கேமராவோடு ஒரு கடைக்காரர். பக்கத்தில் இருந்த ஆட்டுக்காரர் அதில் பெரிய அலகுள்ள கூழைக்கடாப் பறவைகளின் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இந்தக் கூழைக்கடால்லாம் மீனை மேய்க்குதா அண்ணாச்சி?"

"மேய்க்கவா? கடல்ல சும்மா வளைஞ்சு நிக்குது."

"சும்மா இல்ல. நாங்க ஆட்டை வளைச்சு ஒரு பக்கமாப் பத்துவோம்லா, அதே மாதிரி. இந்த வளையத்துல திறந்த பக்கம் யாரு நின்னது?"

"நாந்தான். முழங்கால் தண்ணியில அரைமணி நேரம்! ஒண்ணுகூட என்னைக் கண்டு பயப்படல."

"ஏன் பயப்படணும்? உங்க காலைப் பாத்து மீனெல்லாம் திரும்பி அதுக வாய்க்குல்லா போயிருக்கு."

கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எட்டயபுரம் வந்தது.

ஆட்டுக்காரர் இறங்கும்போது சொன்னார்: "அடுத்த வாரமும் போயிருங்க அண்ணாச்சி. அதுக உங்களைத் தேடும்."