பக்கத்தின் கடைசி இரண்டு வரிகள்

— பட்டனைப் போடுங்க அத்தான். கார் கீழ நின்னுக்கிட்டிருக்கு.

— நிக்கட்டும். காருக்குக் கால் வலிக்காது. இந்தக் கோட்டு பட்டனும் ஓட்டையும் ஒண்ணையொண்ணு பாத்தே ரொம்பக் காலமாச்சு டாக்டரம்மா. அடையாளம் தெரியாம முழிக்குதுங்க.

— போன வருஷம்தான் நீங்களும் அக்காவும் இசைக்குழுவுலேர்ந்து ஓய்வு பெற்ற அன்னிக்குப் போட்டீங்க. நான்தானே போட்டோ எடுத்தேன்.

— அதுல நான் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நின்னது உனக்குத் தெரியாது. உங்கக்காவுக்குத் தெரியும். விலாவுல கிள்ளிக்கிட்டே சிரிச்சா.

— இன்னிக்கு அவ நினைவா, அவளுக்காக அத்தனை பேரும் வாசிக்கப் போறாங்க. நீங்க இன்னும் செருப்பைக்கூடக் கழட்டல.

— அவளுக்காகன்னா ஏதாவது ஓட்டமா வாசிக்கலாமே. அந்த ஆமை நடை அடாஜியோதான் கெடைச்சுதா? அது ஆரம்பிக்கறப்ப முன்வரிசையில ஒருத்தர் தலை நிறைய முடியோட வந்து உட்கார்ந்தார். முடிஞ்சு எழுந்திரிக்கறப்ப வழுக்கை. என் கண்ணால பாத்தேன்.

— பாத்திருப்பீங்க.

— நம்ம குச்சிக்காரர் இருக்காரே, முன்னாடி நின்னு கையாட்டறவர். அந்தப் பாட்டுக்குக் கையைத் தூக்கினா, இறக்கறதுக்குள்ள அவர் அக்குள்ள குருவி கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, குஞ்செல்லாம் பறந்தே போயிடும்.

— இப்படிப் பேசற ஆள்தான், என்ன வாசிக்கலாம்னு குழு கூடறப்பல்லாம் மெதுவான பாட்டுக்கே கை தூக்குவாராம். அக்கா சொல்லியிருக்கா.

— அது சோம்பல் முறிச்சது. எண்ணிக்கையில சேத்துக்கிட்டாங்க.

— விளையாடாதீங்க அத்தான். குச்சிக்காரரே போன் பண்ணினார். அக்கா நாற்காலியில உங்களை உட்காரச் சொல்றாங்க. பக்கத்துல, உங்க ரெண்டு பேருக்கும் அப்புறம் சேர்ந்த புதுப் பொண்ணு. எவ்வளவு பெரிய மரியாதை.

— மரியாதையை யார் வேண்டாம்னா? நாற்காலிதான் வேண்டாம்.

— ஏன்?

— நீ எத்தனை கச்சேரி பாத்திருக்க. அந்த நாற்காலிக்கு என்ன வேலை, என் நாற்காலிக்கு என்ன வேலைன்னு கவனிச்சிருக்கியா?

— ரெண்டு பேரும் வயோலாதானே.

— வயோலாதான், வயலினோட பெரியண்ணன். ஆனா ஒரே தாளைப் பாத்துத்தான் ரெண்டு பேரும் வாசிக்கணும். சபைப் பக்கம் அவ, உள்பக்கம் நான். தாளைத் திருப்பறது உள்பக்கத்து ஆளோட வேலை. பக்கம் முடியற இடத்துல நான் வில்லை மடியில வெச்சுட்டுத் திருப்பணும். அதுவரைக்கும் அவ தனியா வாசிச்சுக்கிட்டே இருக்கணும். பெரிய குழுவா இருந்தா பின்னாடி பத்துப் பேர் இருப்பாங்க. நம்ம குழுவுல வயோலாவே நாங்க ரெண்டு பேர்தான்.

— அதனால?

— அதனால அந்த அடாஜியோவுல ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி ரெண்டு வரியை நான் வாசிச்சதே கெடையாது. அந்த நாற்காலியில உட்கார்ந்தா வாசிக்கணும்.

— அவ்வளவுதானா? எதிர்ல தாள் இருக்கு, மெதுவான பாட்டு. உங்களுக்கு அது ஒரு விஷயமா?

— எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. நேத்து சாயங்காலம் உட்கார்ந்து வாசிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் போச்சு. அந்த ரெண்டு வரி வந்ததும் கை தானா இறங்கி வில்லை மடியில வெச்சிடுச்சு.

— அப்புறம்?

— காத்துக்கிட்டிருந்தேன்.

— எதுக்கு?

— எதுக்குன்னா? கேக்கறதுக்குத்தான். சமையலறையில ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்டுச்சு. தப்பு சொல்லக்கூடாது, அதுவும் நல்லாவே வாசிச்சுது. சுருதிதான் கொஞ்சம் கம்மி.

— அத்தான்...

— அப்படிப் பாக்காத. சொத்தைப் பல்லைப் பாக்கற மாதிரியே இருக்கு.

— எனக்கு ஒண்ணு புரியல. ஒரு தாளைத் திருப்ப எதுக்கு ரெண்டு வரி? வேகமான பாட்டுல கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள திருப்பிட்டு வாசிப்பீங்களே. மெதுவான பாட்டுல மட்டும் முன்கூட்டியே நிறுத்திட்டு, தாளோட மூலையில விரலை வெச்சுக்கிட்டு, தவம் பண்றவர் மாதிரி உட்கார்ந்திருப்பீங்க. எங்கப்பாவே கேட்டிருக்கார், மாப்பிள்ளைக்குச் சம்பளம் முழுசா பாதியான்னு.

— மாமனாருக்கு என் மேல அவ்வளவு பாசம். அந்தத் தாளெல்லாம் கதவு கனம் இருக்கும் டாக்டரம்மா. திருப்பித் திருப்பித்தான் என் இடது தோள் இப்படித் தொங்கிப் போச்சு, பாரு.

— பொய்.

— பொய்தான்.

— நிஜத்தைச் சொல்லுங்க. வலிக்காது.

— இதைச் சொல்லித்தானே எல்லாப் பல்லையும் பிடுங்கற.

— சொல்லுங்க அத்தான்.

— நாம வாசிக்கறப்ப பக்கத்துல இருக்கறவங்க வாசிக்கறது நமக்குச் சரியாக் கேக்காது. நம்ம வாத்தியம் தாடைக்குக் கீழயே கத்திக்கிட்டிருக்கும். எலும்பு வழியா நேரா காதுக்குள்ள வரும். அவ வில்லு போற போக்குத் தெரியும், மூச்சு விடறது தெரியும், வாசிக்கறது மட்டும் கேக்காது. நான் நிறுத்தினாத்தான் கேக்கும். வேகமான பாட்டுல எங்க நிறுத்தறது? மெதுவான பாட்டுலதான் ரெண்டு வரி கெடைக்கும்.

— அதுக்குத்தான் கை தூக்கினீங்களா?

— ரெண்டு கையையும் தூக்கலாம்னு சட்டம் இருந்திருந்தா தூக்கியிருப்பேன்.

— வீட்டுல வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே.

— கேக்காமலா? வீட்டுக்கு வந்தா பெட்டியையே திறக்க மாட்டா. என் தங்கச்சி வீட்டுக்கு வந்தும் பல்லு பிடுங்கறாளான்னு என்னையே திருப்பிக் கேட்டா.

— அவ அப்படித்தான்.

— நான் நிறுத்தற இடத்துலதான் அவ எனக்கு இருந்தா டாக்டரம்மா. இன்னிக்கு அங்க போய் அந்த ரெண்டு வரியை நானே வாசிச்சுட்டேன்னு வை, இனிமே அந்த இடத்தை நினைச்சா என் சத்தம்தான் வரும். மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நானே அழிக்கவா?

— வேண்டாம். நீங்க வர வேண்டாம். டிரைவரைப் போகச் சொல்லிடறேன். அந்தப் பொண்ணே எல்லாத்தையும் வாசிச்சுக்கட்டும்.

— எல்லாத்தையும்னா?

— எல்லாத்தையும்தான். நீங்க போகலன்னா யாராவது வாசிச்சுத்தானே ஆகணும்.

— அந்த ரெண்டு வரியையுமா?

— பின்ன?

— நில்லு, நில்லு. அந்த ஷூவை இப்படித் தள்ளு.

— இப்பதானே...

— நான் என் நாற்காலியில உட்கார்றேன். பக்கத்து நாற்காலி காலியா இருக்கட்டும். அந்தப் பொண்ணு சபையில உக்காந்து கேக்கட்டும், அதுக்கும் ஒருநாள் லீவு. எப்பவும் போல வாசிக்கறேன். எப்பவும் போல நிறுத்தறேன். திருப்பறேன்.

— அப்ப அந்த ரெண்டு வரி?

— யாரும் வாசிக்க மாட்டாங்க.

— நடுவுல ஓட்டை விழுமே அத்தான். தப்பு பண்ணிட்டார்னு சபை நினைக்கும்.

— நினைக்கட்டும். குச்சிக்காரர் முறைப்பார். அவர் முறைச்சு முறைச்சுத்தான் எனக்கு இந்தப் பக்கத்து மீசையே வளரல. ஓட்டை இருக்கறது நிஜம்தானே? அதை மூடி வெச்சு யாரை ஏமாத்தறது? பட்டனைப் போட்டு விடு.

— காலரைத் தூக்குங்க... அத்தான், அக்கா உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு ஒண்ணு சொல்லியிருந்தா.

— என்கிட்ட சொல்லக்கூடாததா? என்ன அது?

— சொன்னா பத்து மடங்காக்கி ஊர் பூரா அளந்துடுவீங்கன்னு பயந்தா.

— ஆறு மடங்குக்கு மேல நான் போனதே இல்ல. சொல்லு.

— நீங்க எதுக்கு நிறுத்தறீங்கன்னு அவளுக்குத் தெரியும். முதல் வருஷத்துலேர்ந்தே தெரியும். அந்த ரெண்டு வரியை மட்டும் அவ சபைக்காக வாசிச்சதே இல்லையாம்.