ஒரு நிமிசம்ணே

— எம் மக குரலை எனக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்ல நீ யாருலே? பெத்தது நானா, நீயா?

— எம்மா, மெல்லப் பேசுங்க. முதல்ல உக்காருங்க. தாயில்பட்டியில இருந்து இந்த வெயில்ல வந்திருக்கீக.

— உக்கார வரல. உங்க வீட்டுத் தண்ணியும் வேண்டாம். நாகஜோதி கடேசியாப் பேசுனது ஒங்கிட்ட இருக்காம்ல. அதைப் போடு. கேட்டுட்டுப் போயிருதேன்.

— யாரு சொன்னாக?

— அவகூடப் படிச்ச புள்ளைகளே சொல்லுது! நீ இங்கன சிவகாசியில உக்காந்து கம்ப்யூட்டர்ல பாடம் எடுப்பியாம். எடுக்க எடுக்க அதுபாட்டுக்குப் பதிஞ்சிருமாம். அன்னைக்கு வராதவுக மறுநாள் கேட்டுக்கிடுவாகளாம். அப்போ எம் மக செத்த அன்னைக்குள்ளதும் பதிஞ்சுதானே இருக்கும்?

— ஏலே ஆசிப்பு! என்னலே இது, தெரு முக்கு வரைக்கும் சத்தம் கேக்கு! டீக்கடையில நிக்கிறவனெல்லாம் கிளாசைக் கையில வச்சுக்கிட்டு இந்த வாசலையே பாக்கான்.

— ஒண்ணுமில்ல, சம்சாத் மாமி. நீங்க வீட்டுக்குப் போங்க.

— நான் எதுக்குப் போறேன்? பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு இதைக்கூட விசாரிக்கலைன்னா அப்புறம் எதுக்குப் பக்கத்து வீடு? நீ யாரு தாயி?

— ராமுத்தாய். நாகஜோதி அம்மா.

— யா அல்லா! பட்டாசு கம்பெனியில கணக்கு எழுதுன புள்ளையா? பேப்பர்ல போட்டோ பாத்தேனே, ரெட்டைச் சடையில. நான் அன்னைக்குச் சோறே திங்கல. சாயங்காலம் பஜ்ஜிதான் ரெண்டு தின்னேன். உக்காரு தாயி. இவன்கிட்ட என்ன கேக்க?

— எம் மக குரலைக் கேக்கேன். தர மாட்டேங்கான்.

— இவனைப் பத்தி எங்கிட்டக் கேளு, நான் சொல்லுதேன். பகல்ல அச்சாபீசுல லேபிள் வரைவான். பொழுது சாஞ்சா இந்த முசீபத்து டப்பா முன்னாடி, இந்தப் பீடை பிடிச்ச கம்ப்யூட்டர் முன்னாடி, வந்து உக்காந்துருவான். முன்னால மைக்கு, பக்கத்துல ஸ்பீக்கரு. மேடை ஒண்ணுதான் இல்ல. அருப்புக்கோட்டையில ஒருத்தன், பினாங்குல ஒருத்தி, எல்லாரும் ‘ஆசிப் சார், ஆசிப் சார்’தான். ஒத்தப் பைசா வாங்க மாட்டான். இவன்கூடச் சேந்து சொல்லிக் குடுக்கிறவன் துபாய்ல இருக்கான், அப்துல் ஹலீம்னு. அவனும் வாங்க மாட்டான். தொண்டாம்! சொந்த வீட்டு மிக்சி வயரு பிஞ்சு தொங்குது, அதைப் பாக்க ஆளக் காணோம்.

— மாமி, கொஞ்சம் சும்மா இருங்க.

— நான் என்ன பொய்யா சொல்லுதேன்? எங்க வீட்டு டி.வி. பொட்டி புகைஞ்சதுலேர்ந்து தினம் சாயங்காலம் நாடகம் பாக்க இந்த ஹாலுக்குத்தானே வாரேன். எனக்குத் தெரியாம இங்கன ஈ பறக்காது.

— ஏப்பா, நான் நன்றி கெட்டவ இல்ல. எம் மக பட்டாசுக்குத் திரி அடுக்கிக்கிட்டுக் கிடந்தவ. மருந்து பட்டு உள்ளங்கை வெள்ளி பூசுன மாதிரி இருக்கும். சோத்தை ஸ்பூன்ல திம்பா. ஒங்கிட்டப் படிச்சுத்தான் ஆபீஸ் நாற்காலிக்குப் போனா. வேலை முடிஞ்சதும் அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே ஒன் பாடத்தைக் கேப்பேன்னு மேனேஜர்கிட்டக் கெஞ்சி வாங்குனா. முதநாள் கறையில்லாத கையோட வந்து எங்கிட்டக் காமிச்சா. அந்தக் கையைத்தான் எனக்கு முளுசாக் குடுக்கல. குரலாவது குடு.

— எம்மா...

— அன்னைக்கு அவ பேசுனாளா, இல்லையா?

— பேசுனா.

— என்ன பேசுனா?

— ‘ஆசிப்பண்ணே, ஒரு நிமிசம்ணே’ன்னா.

— பொறவு?

— அம்புட்டுத்தான்.

— பக்கத்து ரூம்ல தீப் பிடிச்சு, வாசலைத் தீ மறிக்க உள்ள நிக்கிறவ, ‘ஒரு நிமிசம்ணே’ன்னா கேப்பா?

— எங்க வகுப்புல அப்படித்தாம்மா கேக்கணும். அம்பது பேர் ஒரே நேரத்துல கேட்டுக்கிட்டு இருப்பாக. ஆளாளுக்குப் பேசினா யாருக்கும் ஒண்ணும் வெளங்காது. பேசணும்னா ‘ஒரு நிமிசம்’னு கேட்டுட்டு நிக்கணும், நான் சரின்ன பிறகுதான் பேசணும். நான் போட்ட சட்டம். சட்டத்தை மீறாத புள்ள அவ ஒருத்திதான்.

— நீ சரின்னியா?

— இல்லம்மா. அவ மைக்கை அமுத்திட்டேன்.

— என்னலே சொல்லுத!

— மாமி, நீங்க வெளிய போங்கன்னு சொன்னேன்ல.

— அமுத்துனா?

— அமுத்துனா அவ பேசுறது யாருக்கும் கேக்காதும்மா. அவ பக்கமிருந்து படபடன்னு சத்தம் வந்துச்சு, சரம் கொளுத்துற மாதிரி. இங்கன யாராவது எப்பவும் சரக்கை வெடிச்சுப் பாத்துக்கிட்டுத்தான இருக்காக. வெளியூர்க்காரக எல்லாம் சிரிப்பாக, ‘சிவகாசி வந்துருச்சு’ன்னு. அன்னைக்கும் சிரிச்சாக. வெளியூர்க்காரனுக்கு அந்தச் சத்தம் கேட்டா பயமாவது வந்திருக்கும். நமக்கு வரல. நான் அமுத்திட்டுப் பாடத்தை முடிச்சேன். வெளிய வந்து பாத்தா தாயில்பட்டிப் பக்கம் வானமே புகையாக் கறுத்துக் கிடக்கு.

— பக்கத்துக் கம்பெனி வாச்மேன் அவ ஆபீசுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தானாம். பின்னால ஒரு சின்னக் கதவு சாக்கு மூட்டைக்குப் பின்னாடி இருக்காம். அதைச் சொல்லுறதுக்கு. லைன் கிடைக்கவே இல்லையாம். போன் வயர்லதான் ஒங்க பாடம் ஓடும், அது ஓடுற வரைக்கும் போன் வராதுன்னு பொறவு சொன்னாக. நெசமா?

— நெசம்தாம்மா.

— அப்போ அவளுக்கு வெளிய பேச ஒன் மைக்கு ஒண்ணுதான் இருந்திருக்கு.

— ஆமாம்மா.

— நீயா அமுத்துனியா? வேற யாரும் அமுத்தச் சொன்னாகளா?

— யாரும் சொல்லல. நானாத்தான் அமுத்துனேன்.

— பாத்தியா தாயி, எம்புட்டுச் சாதாரணமாச் சொல்லுதான்! நானும் அன்னைக்கு இங்கனதான் உக்காந்திருந்தேன். நாடகத்துல மாமியாக்காரி மருமகளை வீட்டை விட்டுத் தள்ளுற கட்டம். அந்த ஸ்பீக்கர்ல வந்தது ஒரு புள்ள உசுருன்னு நான் என்னத்தைக் கண்டேன்? கண்டிருந்தா இவன் கையை ஒடிச்சிருக்க மாட்டேனா?

— சரி. நீ அமுத்துன கதை எனக்கு வேண்டாம். அந்த ‘ஒரு நிமிசம்ணே’யை மட்டும் போடு. கும்பிட்டுக் கேக்கேன்.

— முடியாதும்மா.

— ஏலே, பெத்தவ கேக்கா! நீ செஞ்சது ஊருக்குத் தெரிஞ்சுரும்னு பயமா?

— அதான் நானே சொல்லிட்டேனே, மாமி.

— அப்போ போடு. நானும் ஒருக்காக் கேக்கேன்.

— நீங்க கேக்க வேண்டாம்.

— ஏன், எங்காதுல என்ன ஈயமா காச்சி ஊத்திருக்கு?

— அழிச்சுட்டேன். ராமுத்தாயம்மா, அது இல்ல இப்போ. அழிச்சுட்டேன்.

— இப்பத்தானடா ‘முடியாது’ன்ன? அதுக்குள்ள ‘இல்ல’ங்குத?

— அழிச்சுட்டேம்மா. வகுப்பையும் கலைச்சிருதேன். இனி நான் யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்கப் போறதில்ல.

— கலைச்சா எம் மக எந்திரிச்சு வந்துருவாளா? கலைக்காத. அவ ஆசைப்பட்டுப் படிச்சது அது ஒண்ணுதான். ஆனா நீ நடத்தாத. வேற யாராச்சும் நடத்தட்டும். ஒன் குரலை இனி ஒரு புள்ளயும் கேக்க வேண்டாம்.

— சரிம்மா.

— ஒனக்கும் காது ஏங்கும்லே ஒருநாள். ஒருத்தர் குரலுக்காக ஏங்கும். அப்போ என்னை நெனச்சுக்கோ.

— ராமுத்தாயி, ஏ தாயி! இரு, ஒரு வாய் காப்பித்தண்ணி... போயிட்டா. பஸ்ஸுக்குக் காசு இருக்கோ என்னவோ. ஏலே ஆசிப்பு, கல்லு நெஞ்சுலே ஒனக்கு. நிச்சயம் பண்ணி வச்சிருக்காகளே அப்ரின் வீட்டுல, அவுக கேட்டா என்ன நெனைப்பாக?

— அவுக காதுக்கு எப்படி மாமி போகும்?

— எனக்கென்னலே தெரியும்? காத்து இருக்கு, சொவரு இருக்கு.

*

— யாரு, தஹ்மீனாவா? கண்ணுபடப் போகுது, ஒரு சுத்து பெருத்துட்ட! உத்தமபாளையத்துல கட்டிக் குடுத்ததும் தெருவையே மறந்துட்டியே. ரெண்டு வருசமாச்சு ஒன் முகத்தைப் பாத்து. வந்த கால்ல என்ன, வீட்டுச் சாமானை வண்டியில ஏத்துதாக?

— வீட்டைக் காலி பண்ணுறோம், மாமி. அம்மாவை எங்கூடவே கூட்டிட்டுப் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.

— அப்போ ஒங்க அண்ணன் ஆசிப்பு சவுதி தம்மாம்ல இருந்து லீவுக்கு வந்தா எங்கன வருவான்?

— ஆசிப் அண்ணன் வர மாட்டாக.

— அது சரி, இங்கன என்ன இருக்கு அவனுக்கு? அந்த அப்ரினும் அருப்புக்கோட்டையில செருப்புக் கடைக்காரனைக் கட்டிக்கிட்டா. இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணு. நல்ல எடம் கைநழுவிப் போச்சு. நான் ஒண்ணும் சொல்லலப்பா. அவ அம்மாக்காரி ஜவுளிக் கடையில வச்சு ‘மாப்பிள்ளை எப்படி’ன்னு கேட்டா. பெத்தவளுக்கே பிள்ளை குரலைக் கேக்கக் குடுக்காத பயன்னேன். நடந்ததைத்தான சொன்னேன்?

— அச்சாபீஸ் முதலாளிகிட்டயும் சொன்னீக.

— அவரும் கேட்டாரு!

— பள்ளிவாசல் ஜமாத்துலயும் சொன்னீக.

— அவுக கேக்கல. ஆனா தெரிஞ்சிருக்கணும்ல? சரி, அதை விடு. அந்த முசீபத்து வகுப்பு என்னாச்சு? மூடியாச்சா?

— நடக்குது மாமி. ஹலீம் அண்ணனும் நானும்தான் நடத்துறோம். எங்க வீட்டுக்காரரே அதுலதான் எக்செல் படிக்கிறாரு. ஒரே ஒரு சட்டத்தை மட்டும் மாத்திட்டேன். யாரு பக்கமாவது சத்தம் வந்தா, முதல்ல ‘அங்கன என்ன சத்தம்’னு கேப்பேன். கேக்காம யாரையும் அமுத்துறதில்ல.

— ஒரே இரைச்சலா இருக்குமே!

— இருக்கும்.

— அந்த ராமுத்தாய் என்ன ஆனாளோ. பாவம், எம் மனசு கேக்காம நான்தான் அவளுக்காகத் தெருத்தெருவாப் பேசுனேன்.

— மகன் பாண்டிச்செல்வத்தோட திருப்பூர் போயிட்டாக. அவன் பனியன் கம்பெனியில இருக்கான். போன மாசம் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

— நீ எதுக்கு அங்கன போன?

— அன்னைக்குப் பதிஞ்சதை சி.டி.யில கொண்டு போனேன்.

— அழிச்சுட்டேன்னு தலையில அடிச்சுச் சொன்னானே!

— அழிக்கல. விமானம் ஏறுறதுக்கு முன்ன எங்கிட்டக் குடுத்து, யாருக்கும் போட்டுக் காமிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாக. எனக்குப் பொறுக்கல மாமி. போட்டுட்டேன்.

— நல்லா வேணும் அவனுக்கு! கேட்டுட்டு ராமுத்தாய் என்ன சொன்னா? மண்ணை வாரித் தூத்துனாளா?

— முதல்ல நாகஜோதி பேசுறதை மட்டும் கேட்டாக. சேலைத் தலைப்பை வாயில கடிச்சுக்கிட்டு, திரும்பத் திரும்ப. அப்புறம் முழுசாப் போடச் சொன்னாக. போட்டேன். முடிஞ்சதும் ‘ஒங்க அண்ணன் நம்பரைக் குடும்மா, நான் வாய் தவறி ஏசிட்டேன்’னாக.

— இது என்ன கூத்து! ஏசுனதுக்கு இவ எதுக்கு மன்னிப்புக் கேக்கா?

— இன்னொண்ணும் கேட்டாக. ‘எம் மக பேசினதும் நடுவுல ஒரு பொம்பளைக் குரல் வருதே, எங்கனயோ கேட்ட குரலா இருக்கே, யாரும்மா அது’ன்னாக. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

— பொம்பளைக் குரலா? ஒங்க வீட்டுல அந்நேரம் ஏதுடி பொம்பளை? ஒங்கம்மா உள்ரூம்ல தொழுதுக்கிட்டு இருப்பா. நீ தையல் கிளாசுக்குப் போயிருப்ப. அடி எவ அவ, எனக்குத் தெரியாம இந்தத் தெருவுல? என்ன சொல்லுதா?

— ‘ஏலே ஆசிப்பு, அந்த முசீபத்தை அமுத்துலே, நாடகம் கேக்க மாட்டேங்கு’ன்னு சொல்லுதாக, மாமி.