எல்லோரும் ஆரோக்கியமாக இருந்த கிடங்கு

"ஒரே புரோகிராமை ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஓட்டுறியே, எது நிஜம், எது சோதனைன்னு அதுக்கு எப்படிடி தெரியும்?" என்று என்னோடு வேலைபார்த்த ஸ்லாதினா ஒருமுறை என்னிடம் கேட்டாள். அதற்குத் தெரியாது என்றேன். அது ஓடும் கணினியில் 'சூழல் மாறி' என்று ஓர் அமைப்பு இருக்கும். எந்தக் கிடங்கிலிருந்து தரவை எடுக்க வேண்டும் என்பதை அதன் மதிப்புதான் சொல்லும்.

பல்கேரியாவில், ப்ளோவ்திவ் நகரத்தில், எங்கள் மருத்துவமனையின் ஆய்வகத்திலிருந்து இரத்த முடிவுகளை வார்டுகளுக்குக் கொண்டுசேர்க்கும் அந்தப் புரோகிராமை நான் எழுதினேன். இயக்குநரிடம் சேர்ந்தே காட்டுவோம் என்றாள் ஸ்லாதினா. தனியாகப் போய், தான் எழுதியதாகக் காட்டினாள். பிரிவுத் தலைவியானதும், எங்கள் வழக்கப்படி, சாக்லேட் பெட்டியோடு மேசை மேசையாக வந்தாள்.

"எடுத்துக்கோடி. எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? பேரு யாருதா இருந்தா என்ன, ஓடுதுல்ல?"

"ஓடுது," என்றேன். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நிஜக் கணினியில் அந்த மதிப்பை மாற்றினேன். நீக்கியிருந்தால் புரோகிராம் நின்றிருக்கும், எச்சரிக்கை போயிருக்கும், யாராவது சரிசெய்திருப்பார்கள். அதனால் நீக்கவில்லை. சோதனைக் கிடங்கின் பெயரை இட்டேன். அங்கே நோயாளிகளின் பதிவெண்கள் மட்டும் உண்மை. முடிவுகள் நான் கற்பனையாக நிரப்பியவை. அங்கே எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள்.

சிறுநீரக வார்டில் ஸ்தாமென் என்ற முதியவருக்கு அன்று இரத்தத்தில் பொட்டாசியம் இதயத்துக்கு ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. ஆய்வகத்துத் திரையில் நானே பார்த்தேன். வார்டுத் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. மருத்துவர் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

"போனதும் ஒரு வாய் ராக்கியா சாராயம் ஊத்துவியா, இல்ல அங்கயும் கஞ்சிதானா?" என்று மகளைச் சீண்டிக்கொண்டே வந்தார். அவர்களுக்காக வாசல் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்லாதினாவுக்கு நான் போதிய அவகாசம் கொடுத்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தான் எழுதியதென்றால் அந்த மதிப்பை ஒருமுறையாவது பார்த்திருப்பாளே. பார்த்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். மாலையில் அவர் இதயம் நின்றுவிட்டது.

நேற்று என்னைப் பார்க்க இங்கே, சிறைக்கு வந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. கோபம் எதுவும் இல்லாமல்தான் கேட்டேன்:

"இப்பவாவது சொல்லு. அதை எழுதினது யாரு?"

என் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.