வெள்ளத்தாயின் சைவ ஈரல்

— இதுக்குப் பேரு ஈரலா, ராஜரத்தினம் அண்ணாச்சி? மாட்டுக்கு வச்ச தவிடு மாதிரில்லா உதிர்ந்து கெடக்கு!

— சிரிக்காத, சண்முகத்தாயி. தட்டத் தூக்கிக்கிட்டு உன் வாசல்ல வந்து நிக்கதே எனக்குக் கேவலம். என்ன தப்புன்னு மட்டும் சொல்லு.

— பச்சப்பயறு ஊறுச்சா?

— நாலு மணி நேரம்.

— எதுல அரைச்சிய?

— மெட்ராஸ்ல இருந்து ஐயாதுரை அனுப்புன மிக்சியில.

— மகன் அனுப்புனான்னு பெருமைக்கு ஓட்டுனியளாக்கும். மாவா ஆக்கிட்டிய. அம்மியில வச்சு ஒண்ணும் பாதியுமா அரைக்கணும். சோம்பு, மொளகா, சின்ன வெங்காயம் சேத்து, எண்ணெ தடவுன தட்டுல பரத்தி ஆவியில வேக வைக்கணும்.

— வெந்துச்சு. எறக்குன ஒடனே அறுத்தேன்.

— சூட்டோடயா?

— பின்ன?

— அங்கதான் கெட்டுச்சு. ஆறணும் அண்ணாச்சி. முழுசா ஆறுனாத்தான் கட்டியா நிக்கும். பொறவு துண்டு போட்டு, நல்லெண்ணெயில செவக்க வறுத்து, கொதிக்கிற கொழம்புல கடைசியாப் போடணும். தின்னவன் ஆட்டு ஈரல்னு சத்தியம் பண்ணுவான். வெள்ளத்தாயி மதினி எனக்குச் சொல்லிக் குடுத்தது.

— புரட்டாசிக்குப் புரட்டாசி செய்வா. நான் அடுப்படிக்குள்ள போனதில்ல. தட்டுல வந்தாத் தின்பேன், அம்புட்டுதான்.

— மதினி போயி நாளைக்கு மூணாம் வருசமில்லா? படையலுக்கா இது?

— ஆமா. அவளுக்கு ஈரல்னா உசுரு.

— அப்போ கடையில நெச ஈரலே வாங்கி ஆக்கி வைக்கலாமே.

— தெரிஞ்சுக்கிட்டே கேக்காத. சாவுத் துட்டி கழியணும்னா அவ பொறந்த வீட்டுக்காரன் கறி எடுத்து ஆக்கிப் போடணும். அது நடக்காம என் அடுப்புல கறி ஏறாது.

— ஒங்க மச்சினன் கொண்டாந்தாவளே. பதினாறாம் நாளு நானுந்தான் நின்னேன்.

— என்னத்தக் கொண்டாந்தான் காசிராஜன்? கெடா புடிச்சுட்டு வருவான்னு ராஜபாளையமே பாத்து நிக்கு, ஐயா ஓலைக் கொட்டான்ல ரெண்டு கிலோ தூக்கிட்டு வாராரு. எங்க குடும்பத்துக்கு ரெண்டு கிலோவா?

— அதுக்குக் கொட்டானோட தெருவுல வீசுவியளா? நாயி இழுத்துட்டுப் போச்சு. அவிய வேலை பாத்த மில்லு பூட்டி எட்டு மாசம் ஆயிருந்துச்சு.

— அது எனக்குத் தெரியாது.

— அன்னைக்குத் தெரியாது. சரி.

— மறு வாரமே தெரியும்.

— தெரிஞ்சும் வில்லிபுத்தூருக்கு ஒரு எட்டுப் போகல. பஸ்ல ஏறுனா அரை மணி நேரம்.

— வீசுன கையோட எப்படிப் போயி நிப்பேன்? அவனா வரட்டும்னு இருந்துட்டேன்.

— இருந்து என்ன கண்டிய? மூணு வருசமா ஒத்தையில ரசமும் சோறும்.

— ரேடியோவுல செய்தி முடிஞ்சா பொறவு வீட்டுல சத்தமே இல்ல. குக்கர் விசிலடிச்சா யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பாக்கேன். அதுக்காகக் கௌரவத்த விட்டுருவனா?

— நான் ஒண்ணும் சொல்லல. பயறக் கொண்டாந்து குடுங்க, நானே ஆக்கித் தாரேன்.

— வேண்டாம். என் கையால ஆக்கித்தான் அவளுக்கு வைக்கணும். எம்புட்டு நேரம் ஆறணும், அத மட்டும் சொல்லு.

— ஒரு மணி நேரம் தொடக் கூடாது. செவ்வாக்கெழமை வந்த ஆளுக்கும் இதத்தான் சொன்னேன்.

— எந்த ஆளு?

— வில்லிபுத்தூர் பஸ்ல வந்து எறங்குனாவ. ஒங்க வாசலத் தாண்டும்போது தலைய நிமித்தல. நேரா இங்க வந்து, “அக்கா செய்ற பக்குவம் ஒனக்குத் தெரியுமா தாயி”ன்னு கேட்டாவ. அக்கா துட்டி கழியாம கறி தொட மாட்டேன்னு அவியளுக்கும் மூணு வருசமாப் பயறுதான். கையில ஒரு தூக்குச்சட்டி. தொறந்து பாத்தா, ஒங்களுது மாதிரியேதான் அண்ணாச்சி, ஆறுமுன்ன அறுத்து அம்புட்டும் உதிர்ந்து கெடந்துச்சு.