நோன்பு திறக்க வந்த கலர்

படம் நல்ல படம்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். கல்லல் கொட்டகையில் அன்றைக்குச் சிரிக்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான். பக்கத்தில் இருந்த நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள், ஜெகபர் சாதிக் அண்ணே.

"என்ன சம்சுதீன், ஆளு இங்குட்டு இருக்கியா, இன்னும் பினாங்குலயே இருக்கியா?" என்று இடித்தீர்கள்.

படத்தில், சிங்கப்பூரில் இரண்டு கலர் சோடா கம்பெனிகள். ஒருத்தன் கலரில் இன்னொருத்தன் பேதி மருந்தைக் கலந்துவிடுகிறான். தன் சரக்கில் குற்றமில்லை என்று காட்ட அந்த முதலாளி எல்லார் முன்னாலும் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். கொட்டகையே குலுங்கியது. நான் எழுந்து வெளியே போனது அந்த இடத்தில்தான். ஏன் என்று கேட்டீர்கள். ஜமாஅத் தலைவர் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. வாயால் சொல்ல வரவில்லை. முதியோர் பள்ளியில் படித்த எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் நான் ஒரு கலர் கம்பெனியில் பாட்டில் கழுவினேன். நம் தெரு காஜா மைதீன் எதிர்க் கம்பெனியில் சர்க்கரைப் பாகும் எசன்ஸும் கலக்குகிறவன். பகை கம்பெனிகளுக்குத்தான். ஊர்க்காரர்கள் நாங்கள் ஒரே வீட்டில் தங்கி, ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். கறித்துண்டு தன் பக்கம் கிடந்தால் என் பக்கம் தள்ளிவிடுவான்.

"தின்னு மாப்ள. பாட்டிலக் கழுவிக் கழுவிக் கையி ஊறுன அப்பளம் மாதிரி கெடக்கு" என்பான்.

அவர்கள் கலர்தான் நன்றாக ஓடியது. எங்கள் மேனேஜர் மெய்யநாதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு நாளைக்கு ஊரு வயிறு கலங்குனாப் போதும், சம்சு. மறுநாளு தன்னால நம்ம கலரத் தேடி வருவாக. உன்னைய மிஷினுக்கு மாத்திவிடுறேன்" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவருக்கு ஒரு சந்தேகம். காஜா ஒவ்வொரு அண்டாப் பாகையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டான். நோன்பு மாதத்தில் பகலில் அவன் எதையும் நாக்கில் வைக்க மாட்டான் என்று சொன்னது நான். மெய்யநாதன் நம் ஆள் இல்லை. அவருக்கு அது தோன்றியிருக்காது.

காஜாவைப் பார்க்க வந்தேன் என்றால் அங்கே யாரும் என்னைத் தடுக்கமாட்டார்கள். மதியம் லுஹர் தொழ அவன் போன நேரத்தில், மேனேஜர் கொடுத்த பேதி மருந்தை அண்டாவில் ஊற்றிக் கிண்டிவிட்டேன். சரக்கு கடைகளுக்குப் போகும் என்றுதான் நினைத்தேன். முதல் பெட்டிகளை நோன்பு திறப்பதற்காகப் பள்ளிவாசலுக்கு அனுப்புவான் என்று நினைக்கவில்லை.

மஃரிபுக்கு நோன்பு திறக்க நானும் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒரு பாட்டில் வந்தது. நான் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். பாட்டிலைப் பக்கத்திலிருந்த பெரியவரிடம் நகர்த்தி வைத்தேன். அவர் எனக்காக துஆச் செய்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆள் ஆளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். "நோன்பாளிக்கு என்னத்தடா கலந்து குடுத்த?" என்று காஜாவைச் சூழ்ந்தார்கள். அவன் கஞ்சி ஊற்றும் வேலையில் இருந்தவன், கலரை இன்னும் தொடவே இல்லை.

"என் கையால கலந்தது. ஒரு குத்தமும் இருக்காது, பாருங்க" என்று ஒரு பாட்டிலைக் குடித்தான். இன்னொன்றையும் குடித்தான். பிறகு மூன்றாவதை என்னிடம் நீட்டினான்.

"நீ சொல்லு மாப்ள. எதுத்த கம்பெனி ஆளு சொன்னா நம்புவாக. ருசியில எதுவும் பேதம் இருக்கா?"

வாங்கி உதட்டில் வைத்தேன். விழுங்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அதையும் வாங்கி முழுதாகக் குடித்தான்.

மற்றவர்கள் பிழைத்துவிட்டார்கள். காஜா அப்போதுதான் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன், உடம்பில் ஒன்றும் கிடையாது. விடிவதற்குள் மௌத்தாகிவிட்டான். அடக்கத்துக்குச் சந்தூக்கைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவர்கள் கம்பெனி மூடிப்போனது. எனக்கு மிஷின் வேலை கிடைத்தது. அதில் எனக்குப் பெரிய சந்தோஷம் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஊர் திரும்புவதற்கு முன்னாலேயே செய்தி இங்கே வந்துவிட்டது. நோன்பாளிகளுக்குக் கெட்டதைக் கொடுத்துத் தானும் போனவன் என்று. அந்தப் பேரோடுதான் அவன் பெண்சாதி ஹாஜிரா இடியாப்பம் விற்று மகளை வளர்த்தாள். மகள் அஜீஸாவை ஒக்கூர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். பிடித்துப்போனது. பெண்ணின் அத்தா எப்படிப்பட்டவர் என்று, பினாங்கில் கூட இருந்தவன் என்பதால், என்னிடம் விசாரித்தார்கள்.

"மௌத்தானவுகளப் பத்தி நான் எதுக்குங்க பேசணும்" என்றேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் மறுபடி ஹாஜிரா வீட்டுப் பக்கம் போகவில்லை. என்னை அடக்கமான மனிதன் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அதே மாப்பிள்ளைக்கு என் மகள் பாத்திமுத்துவைக் கேட்டு வந்தார்கள். வீடு தேடி வந்தவர்களை எப்படி வேண்டாம் என்பது?

காஜா மைதீன் மேல் குற்றம் இல்லை. கலந்தவன் நான். குடிக்க வைத்தவனும் நான்தான். அஜீஸா இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், அது ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜுமுஆ முடிந்ததும் எல்லார் முன்னாலும் படித்துவிடுங்கள். ஜமாஅத் என்ன முடிவு செய்தாலும் சரி, போலீசில் சொன்னாலும் சரி, எனக்குச் சம்மதம்.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு, அண்ணே. வருகிற வாரம் பாத்திமுத்துவுக்கு நிக்காஹ். அது முடிந்து, ஒக்கூர்க்காரர்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போன பிறகு படியுங்கள். அதுவரை அஜீஸா பொறுத்துக்கொள்வாள். பொறுமையான பிள்ளை.