சொல்லாமல் விட்ட ஆங்

டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். இரவு வேலைக்குப் போகிறவன் நான். இந்த நேரத்தில் குடித்தால் பகல் தூக்கம் கெட்டுவிடும்.

அந்த வீடியோவை நான்கு முறை பார்த்தீர்கள். பிறகு, "பந்து தவறிப்போச்சுன்னு எழுதிக்கிறேன், கையெழுத்து போட்டுட்டு கெளம்பு தணிகைமணி" என்றீர்கள். நல்ல மனசு. ஆனால் என் சர்வ் தவறவில்லை. தவறியது என்று எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

சூர்யபிரகாஷ் என் மாமன் மகன். என்னைவிட இரண்டு வயது சின்னவன்; அத்தை மகனான என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவான். மாமாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை; அதனால் அங்கிருந்த டென்னிஸ் கோர்ட் எங்களுக்குக் கிடைத்தது. திருத்தணியிலிருந்து காலை ரயிலில் போய்ப் பத்து வருடம் இரட்டையர் ஆடினோம். தனியாக ஆடினால் அவன் முதல் சுற்றைத் தாண்டமாட்டான். பக்கத்தில் ஒருவன் நின்று சரி சொன்னால்தான் அவனுக்குக் கை ஓடும்.

இரட்டையரில் ஒருவன் பின்கோட்டிலிருந்து சர்வ் அடிப்பான். கூட்டாளி வலையோரம் அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, பந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்று முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டுவான். திரும்பிப் பார்க்கக் கூடாது. முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. சூர்யாவுக்கு அது போதாது. "நீ பாத்தியா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும் பாவா? ஆங் சொல்லு" என்பான். அவன் விரலைக் காட்டுவான், நான் ஆங் என்பேன், அதன் பிறகே அடிப்பேன். பத்து வருடமும் இப்படித்தான்.

இந்த ஆட்டத்துக்காகக் கல்லூரியைப் பாதியில் விட்டேன். அந்த வருடமே வீட்டுக்கு வந்தான். "கோச்சு வேற ஒருத்தன்கூட ஆடச் சொல்றாரு பாவா. நல்ல உயரமாம். நான் போவட்டா?" அதையும் என்னிடமே கேட்டான். ஆங் என்றேன். போய்விட்டான். நான் ஒரு குடோனில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன்.

எட்டு வருடத்தில் அவன் இரட்டையரில் உலகின் எண்பத்தேழாவது ஆள். ஊரில் பேனர் வைத்தார்கள். பாதிக் கோர்ட்டைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் பேனர். அவன் ஆட்டங்களை போனில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சர்வுக்கு முன்னும் அவனுடைய வெள்ளைக்காரக் கூட்டாளி வாயசைப்பான். அவனுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டான். எனக்கு அதில் வருத்தமில்லை.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வந்து மொட்டை போட்டான். அடுத்த மாதம் அமெரிக்காவில் பெரிய போட்டி. முதல்முறையாக இடம் கிடைத்திருந்தது. ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட சிமென்ட் கோர்ட்டைத் திறக்க அவனை ஆடச் சொன்னார்கள். "என்கூட பாவாதான் ஆடுவாரு" என்று மைக்கில் சொன்னான். கூட்டத்தில் ஒருவன், "நைட் டூட்டி, நின்னுகினே தூங்கிடாதே" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். சூர்யாவும் சிரித்தான்.

வலையோரம் போய் நின்றான். சந்தனம் பூசிய மொட்டைத் தலை. முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல். நான் பந்தை மூன்று முறை தட்டினேன். ஆங் சொல்லவில்லை. விரலை மறுபடி ஆட்டினான். அப்போதும் சொல்லவில்லை. பந்தை மேலே எறிந்தேன். அவன் திரும்புவான் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். திரும்பினான். இடது கண்ணைப் பார்த்து அடித்தேன். இடது கண்ணில் பட்டது.

வீடியோவில் என் குரல் இல்லை. குரல் இல்லாததைத்தான் நீங்கள் கவனித்திருக்க வேண்டும். அவன் தங்கை அனுராதாதான் அதை எடுத்தாள். அவளுக்கே விளங்கவில்லை, உங்களைச் சொல்லி என்ன.

அந்தக் கண் போனது போனதுதான், பந்தின் தூரம் இனிப் பிடிபடாது, ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப் போட்டுப் படுத்திருந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "தப்பு என்னுதுதான் பாவா. நான் திரும்பியிருக்கக் கூடாது, இல்ல?"

ஆங் என்றேன். அவன் கேட்டு நான் மறுத்ததே கிடையாது.