ஐந்தாண்டு தாமதித்த தேநீர்

கோலசிலாங்கூர் வட்டம், சுங்கை தெராத்தாய் தோட்டத்தில் முப்பத்தோராண்டு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் பெரிய கிராணி, உயர்திரு அ. சிவானந்தம் அவர்களுக்கு, அலுவலகத்தார் அன்புடன் படித்தளிக்கும் பாராட்டு மடல்

நேர்மையை நெஞ்சிலும் நிதானத்தை நாவிலும் நிறுத்தி, நெடுங்காலம் எங்கள் முன்னே நடந்த நல்லவரே! முள்வேலி சூழ்ந்த நாளிலும் முகம் சுளிக்காமல், முறை தவறாமல், முதல் மணிக்கு முன்பே அலுவலகத்தின் கதவைத் திறந்த முதல்வரே! கோட்டுக்கு உள்ளே விழுந்ததை உள்ளே என்றும், வெளியே விழுந்ததை வெளியே என்றும், அடித்த ஆளைப் பாராமல் அடிபட்ட பந்தை மட்டும் பார்த்துச் சொன்ன ஆடுகளத்து அறவோரே! உங்களை வணங்கி, வாழ்த்தி, வாய் நிறைய இம்மேடைக்கு வரவேற்கிறோம்!

இன்னும் பதினோரு விளிகள் எழுதி வைத்திருக்கிறேன், ஐயா. அலுவலகத்தார் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆனால் நீட்டி முழக்குவது உங்களுக்குப் பிடிக்காது என்பதால் அவற்றைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன். மடல் எழுதும் பொறுப்பை எல்லோருமாகச் சேர்ந்து இரண்டாம் கிராணி பெர்னாட்டாகிய என் தலையில் கட்டியதற்குக் காரணம் என் தமிழ் அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். இந்த மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் கணக்கெழுதும் இளைய கிராணியாய் இத்தோட்டத்தில் கால் வைத்தீர்கள். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் தொடங்கிப் படிப்படியாய் உயர்ந்து, பெரிய கிராணி ஆனீர்கள். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் முதல் துரை வரை உங்கள் சொல்லுக்கு மறுசொல் சொன்னவர் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் டென்னிஸ் திடலில் மரவள்ளி நட்டார்கள். அதே காலத்தில்தான் உங்கள் துணைவியாரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தீர்கள். போர் முடிந்ததும் கிழங்கைப் பிடுங்கி, செம்மண்ணை உருட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, காட்டுக் கட்டையில் நடுவருக்கு ஓர் உயர்ந்த நாற்காலியும் செய்வித்தீர்கள். வீட்டில் பேச ஆளில்லாத மனிதர் மாலைப் பொழுதைப் போக்கத் திடலைத் திருத்துகிறார் என்று நாங்கள் கேலி பேசினோம். உண்மையும் அதுவாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தத் திடலில்தான் கிராணிமாரும் துரைமாரும் ஒரே வலையின் இரு பக்கம் நின்று ஆட முடிந்தது. இந்த வட்டாரத்தில் வேறெங்கும் அப்படி ஓரிடம் நான் கண்டதில்லை.

அந்தத் திடலுக்கு நீங்கள் எழுதிய விதிகள் இன்றும் மனப்பாடம். ஆட்டக்காரர் ஆத்திரத்தில் கத்தினாலோ, மட்டையை வீசினாலோ, தகாத சொல் சொன்னாலோ, முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை ஒரு புள்ளி. மூன்றாம் தடவை ஆட்டமே எதிராளிக்கு. சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய பெரிய ஆட்டக்காரர்களே சீமையில் மட்டையை உடைக்கிறார்கள், அவர்களுக்கு அபராதம் போட்டு விட்டுவிடுகிறார்களே என்று நான் ஒருமுறை கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நீங்கள் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “அவங்க வாங்குறது டுயிட், காசு, தம்பி, அதனால டுயிட்டுல கழிக்கிறாங்க. நாம ஆடுறது மரியாதைக்கு. அதுல கழிச்சாத்தான் நமக்கு வலிக்கும்.”

விதிகளோடு ஒரு வழக்கமும் வைத்தீர்கள். பந்தயம் தொடங்கிவிட்டால், அது முடியும்வரை நடுவர் யாரோடும் ஒரே மேசையில் தேநீர் குடிக்கமாட்டார். இறுதியாட்டம் முடிந்ததும், தோற்றவர் தம் கையால் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுபோய் நாற்காலியடியில் நின்று நீட்ட வேண்டும். நடுவர் இறங்கி வந்து, அதை வாங்கிக் குடித்து, தோற்றவரின் தோளில் கை போட்டுக்கொண்டு மேசைக்கு வருவார். அத்தோடுதான் பந்தயம் முடிந்ததாக அர்த்தம். ஜெயித்தவருக்குக் கிண்ணம், தோற்றவருக்கு உங்கள் கை. எனக்குக் கிண்ணத்தைவிட அந்தக் கைமேல்தான் ஆசை என்று அந்த நாளில் யாரிடமும் சொன்னதில்லை.

ஐயா, இதற்கு மேல் பாராட்டு மடல் எப்படிப் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்கள் குணங்களை வரிசையாய் அடுக்கிவிட்டு, நீடூழி வாழ்க என்று முடித்துவிட்டு, மாலை போட்டுவிட்டு, வடை சாப்பிடப் போய்விடலாம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற மடலில் வேறொன்றும் எழுதாதே என்று நண்பர்கள் கெஞ்சினார்கள். அவர்கள் பேச்சை நான் கேட்கவில்லை.

ஐம்பத்தொன்றாம் ஆண்டு இறுதியாட்டம். ஒரு பக்கம் சின்ன துரை, மறுபக்கம் நான். அவசரகாலம் அது; காட்டுக்குள் இருந்து தாக்கிய கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து தோட்டத்தைச் சுற்றி அப்போதுதான் இரண்டாவது முள்வேலி போட்டிருந்தார்கள். ஆறு மணிக்குச் சைரன் ஊதினால் அவரவர் வீட்டுக்குள் இருக்க வேண்டும். முதல் செட்டில் துரை ஆத்திரத்தில் பந்தை வேலிக்கு மேல் அடித்தார், எச்சரித்தீர்கள். இரண்டாம் செட்டில் கெட்ட வார்த்தை சொன்னார், புள்ளியைக் கழித்தீர்கள். துரையின் புள்ளியையே கழித்துவிட்டார் எங்கள் கிராணி என்று நாங்கள் கைதட்டியது புக்கிட் பெலிம்பிங் வரை கேட்டிருக்கும். அதற்குப் பிறகு துரை வாயைத் திறக்கவே இல்லை.

மூன்றாம் செட். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கிண்ணம் எனக்கு. நான் போட்ட சர்வீஸைத் துரை திருப்பியடித்தார். பந்து என் காலடியில், பின்கோட்டருகே விழுந்தது. நான் கையைத் தூக்கி, வெளியே, ஜெயித்துவிட்டேன் என்று கூவினேன். நீங்கள் உள்ளே என்றீர்கள்.

“கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?” என்று கத்தினேன். எச்சரிக்கை. மட்டையை வலைக்கம்பத்தில் அடித்து இரண்டாக உடைத்தேன். ஒரு புள்ளி. அத்தோடு நின்றிருக்கலாம். என்னைவிட மட்டமாக நடந்த துரையே இரண்டோடு நிறுத்திக்கொண்டார். நானோ நாற்காலியடிக்கு வந்து, எல்லோர் காதிலும் விழ, “தொரைக்கு வால் புடிக்கத்தான் மேல ஏறி ஒக்காந்தீங்களா?” என்று கேட்டேன்.

நீங்கள் கோபப்படவில்லை. குரல்கூட உயரவில்லை. “மூணாவது, மிஸ்டர் பெர்னாட். ஆட்டம் எதிராளிக்கு,” என்றீர்கள். எப்போதும் தம்பி என்று கூப்பிட்ட வாய் அது.

நான் விறுவிறுவென்று வெளியேறினேன். அலுவலகத்தார் அத்தனை பேரும் என் பின்னால் வந்தார்கள். மறுநாள் தேநீர் அறையில், இனிமேல் அந்த ஆளோடு ஒரே மேசையில் உட்காரமாட்டேன் என்று நான் அறிவித்தேன். அதற்கு அவசியமே ஏற்படவில்லை. நீங்களாகவே உங்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய், ரப்பர் மரங்களைப் பார்த்தபடி தனியாக நின்று குடித்தீர்கள். பெரியவரை ஒதுக்கி வைத்துவிட்டோம் என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டோம். துரைமாரும் உங்களைத் தங்கள் பக்கம் கூப்பிடவில்லை. அடுத்த மாதமே டென்னிஸ் திடலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்குக் கொட்டகை போட்டார்கள். அத்தோடு பந்தயமும் நின்றுபோயிற்று. ஐந்தாண்டாக நீங்கள் சன்னலோரம், நாங்கள் மேசையில்.

இடையில் ஐம்பத்துமூன்றில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தைவிட்டு உணவுப் பொருள் ஒரு பிடிகூட வெளியே போகக்கூடாது என்ற கெடுபிடி நாட்களில், என் மகள் மவுரீன் என் மாமியார் வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்தாள். அவளுக்காக ஒரு பால் டின்னை எடுத்துக்கொண்டு போனேன். சாலைத் தடுப்பில் பிடித்துவிட்டார்கள். காட்டில் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோகிறாயா என்று கேட்டுக் கோலசிலாங்கூர் போலீஸ் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். என்னோடு ஒரே மேசையில் தேநீர் குடித்த நண்பர்கள் ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அன்று எல்லோருக்கும் பயம். நீங்கள்தான் சைக்கிளில் வந்தீர்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, “இவரு எங்க ஆபீஸ் கிராணி. புள்ளைக்கின்னு சொன்னா புள்ளைக்குத்தான். பொய் சொல்ல மாட்டாரு,” என்றீர்கள். விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் தலையை மட்டும் அசைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டீர்கள். அன்றைக்காவது உங்கள் பின்னால் ஓடி வந்திருக்க வேண்டும். நான் வரவில்லை. வெட்கம், ஐயா. செய்த தப்பைவிட அந்த வெட்கம்தான் என்னை அதிக நாள் கட்டிப்போட்டது.

போன வாரம்தான் எல்லாம் வெளிவந்தது. அலுவலகத்தில் தேநீர் போடுகிற வேலம்மா, ஓய்வு பெற்றதும் எங்கே போகிறீர்கள் என்று உங்களைக் கேட்டாராம். பாகான் நக்கோடா ஓமாரில் ஒரு சிறு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னீர்களாம். மீன்பிடிக்கிற ஊரில் உங்களுக்கு யாரைத் தெரியும் என்று அவர் திகைத்தாராம். “யாரையும் தெரியாது, வேலம்மா. தெரியாத ஊர்ல தனியா டீ குடிச்சா அது ஒண்ணும் பெருசாத் தெரியாது,” என்றீர்களாம்.

அன்று மாலை வேலம்மா கெட்டிலை எங்கள் மேசையில் தொப்பென்று வைத்தார். இருபது வருஷத்தில் அவர் எங்களை அதட்டி நான் கேட்டதில்லை. “ஏன் கிராணி, அவரு கோவத்துலயா தனியா குடிக்கிறாரு? நீங்க ஒதுக்கி வெச்சதாலயா? ஒங்களுக்கெல்லாம் வெவரமே இல்ல லா! அன்னிக்குத் தெடல்ல நான் டீ போட்டு வெச்சேன். நீங்க யாரும் கொண்டு போவல. பாவமேன்னு நானே கொண்டு போனேன். ‘தோத்தவரு கொண்டாரணும், வேலம்மா, அப்பத்தான் ஆட்டம் முடியும்’னாரு. இன்னும் முடியலன்னுதான் அந்த மனுசன் ஒங்க மேசைக்கு வராம நிக்கிறாரு!”

வாசலில் காவல் நிற்கிற கான்ஸ்டபிள் சன்னாசியையும் கேட்டேன். அன்று சைரன் ஊதிய பிறகும் நீங்கள் நாற்காலியைவிட்டு இறங்கவில்லையாம். “‘எறங்குங்கய்யா, நேரமாச்சு’ன்னேன், ‘இரு சன்னாசி, டீ வரட்டும்’னாரு, எனக்கு ஒண்ணும் வெளங்கல,” என்றார் சன்னாசி. கடைசியில் அவரே உங்கள் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனாராம்.

நாங்கள் உங்களை விலக்கி வைத்ததாக நினைத்தோம். நீங்களோ ஐந்தாண்டாக எங்களுக்காகக் காத்திருந்தீர்கள். இதைக் கேட்ட இரவில் நான் சாப்பிடவில்லை. என் மனைவி முரியல் என்ன என்று கேட்டதற்குத் தலைவலி என்று பொய் சொன்னேன்.

பொய் என்றதும் இன்னொன்று. இதை வேலம்மாவுக்கும் சொல்லவில்லை, முரியலுக்கும் சொல்லவில்லை. இந்த மண்டபத்தில் முதன்முறையாகச் சொல்கிறேன். அன்று பந்து கோட்டில் பட்டது, ஐயா. சுண்ணாம்புத் தூள் பறந்ததை நான் பார்த்தேன். என் வெள்ளைக் காலணியில்கூட அது ஒட்டியிருந்தது. ஐந்தாண்டாக எல்லோரிடமும் வெளியே என்று சாதித்தேன். அவர்கள் என்னை நம்பி உங்களை விட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் தவறில்லை. பொய் சொல்ல மாட்டார் என்று நீங்கள் உறுதி சொன்ன ஆள் நான்தான்.

உத்தமரே! உறவுக்காக ஒரு புள்ளியையும் வளைக்காத உறுதியாளரே! மேடையில் உங்களுக்குப் பட்டுத் துண்டு விரித்த நாற்காலி போடவில்லை என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்தப் பழைய நடுவர் நாற்காலி. கான்ஸ்டபிள் கொட்டகையில் விறகுக்கிடையே கிடந்ததைச் சன்னாசி கண்டெடுத்துக் கொடுத்தார். ஏன் இதில் ஏறச் சொன்னோம் என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு நீங்கள் வாழ வேண்டும். பாகான் நக்கோடா ஓமாரின் கடற்காற்று உங்கள் மூட்டுவலியைத் தணிக்க வேண்டும். அங்கே போவதானால் போங்கள், தடுக்க எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் நான் பஸ் பிடித்து வந்துவிடுவேன். உங்கள் வீட்டில் இரண்டு கோப்பைகள் இருக்கட்டும். வேலம்மா மூன்று என்கிறார்.

இந்த மடலை இத்தோடு கீழே வைக்கிறேன். வேலம்மா கோப்பையோடு ஓரமாக நிற்கிறார். விளிம்புவரை ஊற்றியிருக்கிறார், சற்றுச் சிந்தினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்தது, ஐயா. இறங்கி வாருங்கள்.

சுங்கை தெராத்தாய் தோட்ட அலுவலகத்தார் அனைவரின் சார்பிலும்,

ஆர். பெர்னாட்
தோற்றவன்

29 டிசம்பர் 1956